ஒன்ராறியோ ஏரிக்கரைகளில் குடும்பத்தோடு ஆர்வி முகாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிப்ரவரி குளிரில் யாராவது ஒருவர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "இந்தக் கோடைக்கு எந்த ஏரி?" என்று கேட்டுவிடுவார். உடனே பத்துப் பூங்காக்களின் பெயர்கள் வரும், படங்கள் வரும். ஆர்வி எனப்படும் பயண வீட்டை, அதாவது வாகனத்துக்குப் பின்னால் இழுக்கும் ட்ரெயிலரையோ தானே ஓடும் மோட்டர்ஹோமையோ எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் போகிற குடும்பத்துக்கு அந்தப் பெயர்கள் மட்டும் போதாது. பூங்காவுக்குள் எந்த முகாம் பகுதியில், எந்த எண்ணுள்ள சைட்டில், அதாவது வண்டியை நிறுத்தித் தங்கும் இடத்தில், இருக்கப்போகிறோம் என்பதுதான் அந்த நாலு நாளையும் தீர்மானிக்கிறது. ரொறன்ரோ பெரும்பாகத்தில் இருந்து முதல்முறையாக ஆர்வியில் கிளம்புகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். எந்த ஏரிப்பக்கம் போகலாம்?

தண்ணீரின் ஆழத்தையும் சூட்டையும் பார்த்துத் தொடங்குங்கள். ஐந்து பேரேரிகளில் ஈரிதான் ஆழம் குறைந்தது. சராசரி 19 மீட்டர்தான், அதனால் சீக்கிரம் சூடாகிவிடும். லோங் பொயிண்ட், ரொண்டோ பூங்காக்கள் அந்தக் கரையில் இருக்கின்றன. சுப்பீரியர் ஏரி இதற்கு நேரெதிர். அதிகபட்ச ஆழம் 406 மீட்டர், ஆகஸ்டிலும் கால் விறைக்கும். பான்கேக் பே, அகாவா பே இரண்டும் கண்ணைப் பறிக்கும் இடங்கள்தான். ஆனால் ரொறன்ரோவில் இருந்து 700 கிலோமீட்டருக்கு மேல் ட்ரெயிலரை இழுத்துப்போய், ஐந்து வயதுப் பிள்ளை தண்ணீரில் இறங்க மாட்டேன் என்று நின்றால் வருத்தமாக இருக்கும். பிள்ளைகள் வளர்ந்த பிறகு கட்டாயம் போங்கள்.

முதல் பயணத்துக்கு நான் சாண்ட்பாங்க்ஸையே சொல்வேன். பிரின்ஸ் எட்வர்ட் கவுன்ட்டியில் இருக்கிறது, ரொறன்ரோவில் இருந்து இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே அவுட்லெட் கடற்கரையில் நெடுந்தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. ட்யூன்ஸ் கடற்கரை அப்படியில்லை. அது வெஸ்ட் லேக் பக்கம் இருக்கிறது, மணல்மேடு சரிந்து நேரே தண்ணீருக்குள் இறங்குகிறது. தண்ணீர் சூடாக இருக்கும், ஆனால் ஆழம் சட்டென்று வந்துவிடும்.

ஹியூரன் ஏரிக்கரையில், கிராண்ட் பெண்டுக்குப் பக்கத்தில் பைனரி பூங்கா. 10 கிலோமீட்டர் மணல்கரை மேற்கைப் பார்த்து நீள்கிறது. அங்கே சூரியன் தண்ணீரில் இறங்குவதைப் பார்க்க இரவுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடலாம். பாறையும் பைன் மரமுமாக வேண்டும் என்றால் பாரி சவுண்டுக்குப் பக்கத்தில் கில்பேர். ஒன்ராறியோவின் ஒரே நச்சுப்பாம்பான மசசாகா ராட்டில்ஸ்நேக் அங்கே உண்டு. அது மனிதரைத் தேடி வராது. பிள்ளைகளைச் செருப்பு இல்லாமல் பற்றைக்குள் ஓடவிடாதீர்கள், அது போதும்.

நீண்ட ஓட்டம் முடியாதவர்களுக்கு சிம்கோ ஏரியில் சிபால்ட் பொயிண்ட் ஒரு மணி நேரத் தூரம். கவார்த்தா பக்கம் பால்சம் லேக், எமிலி. இவை பேரேரிகளைப்போல அலையடிக்காத, அடக்கமான தண்ணீர். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையோடு போகிறவர்களுக்கு இந்தச் சின்ன ஏரிகள்தான் நிம்மதி.

வசாகா பீச்சைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அந்த மாகாணப் பூங்காவுக்குள் இரவு தங்க முகாம் இல்லை. ஊரைச் சுற்றியுள்ள தனியார் முகாம்களில்தான் தங்க வேண்டும்.

மாகாணப் பூங்காவா, தனியார் முகாமா?

மாகாணப் பூங்காக்களில் மரமும் இடைவெளியும் கிடைக்கும். சைட்டுக்குச் சைட் நடுவே பற்றைக்காடு இருக்கும், கரை யாருடைய வேலிக்குள்ளும் இராது. ஆனால் சைட்டில் மின்சாரம் மட்டுமே எதிர்பார்க்கலாம். தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் பொதுவாக அங்கே வராது. தண்ணீரை நிரப்புவதும் கழிவை வெளியேற்றுவதும் பூங்காவுக்குள் இருக்கும் பொது நிலையத்தில்.

தனியார் முகாம்களில் மூன்றும் சைட்டிலேயே கிடைக்கும். நீச்சல் குளம், கடை, சறுக்குமரம் எல்லாம் இருக்கும். பக்கத்து ட்ரெயிலரோ கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்கும். பலர் அங்கே பருவம் முழுவதும் ஒரே இடத்தில் தங்குகிறவர்கள். ஒரு வாரத்துக்கு வருகிறவர்களுக்கு ஏரியைப் பார்த்த சைட்டை அவர்கள் விட்டுவைத்திருக்க மாட்டார்கள். "லேக்சைட்" என்று விளம்பரத்தில் இருந்தால், கரையில் இருந்து எத்தனை மீட்டர், நடுவில் சாலை இருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

வீட்டில் தினமும் பலமுறை கழிப்பறைக்குப் போகவேண்டிய முதியவரோ, அடிக்கடி உடுப்பு மாற்றவேண்டிய குழந்தையோ இருந்தால் முதல் பயணத்துக்குத் தனியார் முகாம் நல்லது. மற்றவர்களுக்கு மாகாணப் பூங்கா. என் மனம் எப்போதும் மாகாணப் பூங்காப் பக்கம்தான்.

புரூஸ் தீபகற்ப தேசியப் பூங்காவின் சைப்ரஸ் லேக் முகாமில் மின் இணைப்பே இல்லை. ஜோர்ஜியன் பேயின் பச்சைத் தண்ணீர்ப் படங்களைப் பார்த்துப் பதிவு செய்யும் முன் இதை மனதில் வையுங்கள்.

சைட்டின் மின் இணைப்பு 15, 30, 50 ஆம்ப் என்கிறார்களே, எங்களுக்கு எது தேவை?

30 ஆம்ப் இணைப்பில் 120 வோல்ட்டுக்கு மொத்தம் 3,600 வாட் வரும். ஏசி ஓடும்போது ஏறக்குறைய 1,500 வாட் எடுக்கும். மின்கேத்தல் இன்னொரு 1,500. மிச்சம் இருப்பது 600. அந்த நேரத்தில் யாராவது 700 வாட் ரைஸ் குக்கரைப் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். நம் வீட்டுச் சமையலில் இது மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கிற காரியம் என்பதால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். தேத்தண்ணிக்குத் தண்ணீரை கேஸ் அடுப்பில் வையுங்கள். சோறு வேகும்வரை ஏசியை நிறுத்துங்கள். பிரச்சினை முடிந்தது.

15 ஆம்ப் என்றால் மொத்தமே 1,800 வாட். ஏசி போட்டால் வேறு எதையும் போட முடியாது. 50 ஆம்ப் இணைப்பு இரண்டு ஏசி உள்ள பெரிய வண்டிகளுக்கானது, 12,000 வாட் வரை தாங்கும். அதைத் தேடி அலையவேண்டாம்.

இன்னொன்று. மாகாணப் பூங்காக்களில் மின்கம்பம் சில சைட்டுகளில் தள்ளி இருக்கும், இரண்டு சைட்டுக்குப் பொதுவாகவும் இருக்கும். ஆர்வியோடு வரும் கேபிள் எட்டாமல் போகலாம். 30 ஆம்புக்கென்றே செய்த நீட்டிப்புக் கேபிள் ஒன்று வைத்திருங்கள். வீட்டில் புல்வெட்டிக்குப் பாவிக்கும் மெல்லிய ஆரஞ்சுக் கேபிளில் ஏசியை ஓட்டினால் கேபிள் சூடாகி உருகும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

தண்ணீர்த் தொட்டி எத்தனை நாளைக்கு வரும்?

வாடகை ட்ரெயிலர்களில் நல்ல தண்ணீர்த் தொட்டி பெரும்பாலும் 115 முதல் 150 லிட்டர். ஆறு பேர் உள்ளேயே குளித்தால் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்காது. குளிப்பதற்குப் பூங்காவின் பொதுக் குளியலறையைப் பயன்படுத்துங்கள். கறிச் சட்டியைக் கழுவும் முன் எண்ணெயைக் காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போடுங்கள், இல்லாவிட்டால் கழிவுத் தொட்டி நாறும். அரிசி களைந்த தண்ணீரானாலும் சரி, பாத்திரம் கழுவிய தண்ணீரானாலும் சரி, நிலத்தில் ஊற்றக் கூடாது.

புறப்படும் நாளில் கழிவறைத் தொட்டியை முதலில் திறந்து காலி செய்யுங்கள், சமையல் தண்ணீர்த் தொட்டியைப் பிறகு. பின்னால் வரும் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். ஞாயிறு மதியம் பூங்காவின் கழிவு நிலையத்தில் நீண்ட வரிசை நிற்கும். காலையிலேயே போய்விடுங்கள்.

எங்கள் மினிவானால் ட்ரெயிலர் இழுக்க முடியுமா?

சியென்னா, ஓடிசி போன்ற மினிவான்களின் இழுவை எல்லை சுமார் 1,590 கிலோ. அதற்குள் பிள்ளைகள், சாமான், தண்ணீர் எல்லாவற்றின் பாரத்தையும் யோசிக்க வேண்டும். ஆறு பேர் படுக்கக்கூடிய 25 அடி ட்ரெயிலர் பலதும் வெறுமையாகவே இரண்டு டன்னைத் தாண்டும். ஆகவே முடியாது. சிறிய மடிப்பு ட்ரெயிலர் முடியலாம்.

இழுக்கும் வாகனம் இல்லாதவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று மோட்டர்ஹோம் வாடகை. இன்னொன்று, ட்ரெயிலரின் சொந்தக்காரரே அதைச் சைட்டில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, முடிந்ததும் எடுத்துப்போகும் ஏற்பாடு. வாடகைத் தளங்களில் பலர் இதைச் செய்து தருகிறார்கள். முதல்முறைக் குடும்பங்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சட்டப்படி, ஒன்ராறியோவில் சாதாரண ஜி ஓட்டுநர் உரிமத்தோடு 4,600 கிலோ வரையான ட்ரெயிலரை இழுக்கலாம், வாகனமும் ட்ரெயிலரும் சேர்ந்து 11,000 கிலோவைத் தாண்டாவிட்டால். 1,360 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரெயிலருக்குத் தனிப் பிரேக் வேண்டும்.

ஓடும்போது பிள்ளைகள் ட்ரெயிலருக்குள் படுத்துக்கொண்டு வரலாமா?

கூடாது. சட்டப்படியும் தடை, உயிருக்கும் ஆபத்து.

சைட் எண்ணை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஒன்ராறியோ பூங்காக்களின் பதிவுத் தளத்தில் ஒவ்வொரு சைட்டுக்கும் படமும், எவ்வளவு நீள வண்டி நுழையும், நிழல் எப்படி, மறைப்பு எப்படி என்ற விவரங்களும் இருக்கின்றன. பலர் வரைபடத்தில் பச்சைப் புள்ளியைக் கண்டதும் அமுக்கிவிடுகிறார்கள். பத்து நிமிடம் செலவழியுங்கள்.

முதலில் நீளம். உங்கள் ஆர்வியின் முழு நீளத்தை, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கிப் பகுதி உட்பட, வாடகைக்குத் தருகிறவரிடம் கேளுங்கள். பெயரில் 25 என்று இருக்கும் ட்ரெயிலர் உண்மையில் 28, 29 அடி வரும். இழுத்து வந்த வாகனமும் அதே சைட்டில் நிற்க வேண்டும்.

அடுத்தது கழிப்பறைத் தூரம். அம்மம்மா கூட வருகிறார் என்றால் இரண்டு மூன்று சைட் தள்ளி எடுங்கள். நேரெதிரே எடுத்தால் இரவு முழுக்கக் கதவு அடிக்கும் சத்தமும் விளக்கு வெளிச்சமும் ட்ரெயிலருக்குள் வரும். பாதை மணலா, வேர் ஓடிய மண்ணா என்பதையும் படத்தில் பாருங்கள். கைத்தடியோடு நடக்கிறவருக்கு அந்த வேர்கள்தான் ஏரியைவிடப் பெரிய விஷயம். சக்கர நாற்காலிக்கு ஏற்ற சைட்டுகளைத் தளத்தில் தனியாகக் குறித்திருப்பார்கள்.

பின்பக்கமாக நுழைக்கும் சைட்டில், மின்கம்பம் ஓட்டுநர் பக்கம் பின்னால் இருந்தால் வசதி. பெரும்பாலான ஆர்விகளின் மின் இணைப்பு அந்தப் பக்கம்தான். வாசலும் வெய்யில் மறைப்பும் மறுபக்கம் வரும். மேசையும் நெருப்புக் குழியும் அந்தப் பக்கத்தில் இருந்தால் முற்றம் மாதிரி அமையும். பின்னெடுத்துப் பழகாதவர்கள் நேரே உள்ளே போய் நேரே வெளியே வரும் சைட்டைத் தேடுங்கள், குறைவாகத்தான் இருக்கும்.

ஏரியோரச் சைட்டை எல்லோரும் விரும்புகிறார்கள். நடக்கத் தொடங்கிய குழந்தை வீட்டில் இருந்தால் அதை எடுக்காதீர்கள். சமையலின்போது ஒரு கண் எப்போதும் தண்ணீர்மேல் இருக்க வேண்டி வரும், பெரியவர்கள் யாருக்கும் ஓய்வு கிடைக்காது. கரையில் இருந்து ஐந்து நிமிட நடை தள்ளி இருப்பது நல்லது.

கழிவு நிலையம், நுழைவாயில், கடற்கரை வாகனத் தரிப்பிடம், இந்த மூன்றுக்கும் பக்கத்தில் வேண்டாம். சைட் சரிவாக இருந்தால் சக்கரத்துக்கு அடியில் வைக்கும் கட்டைகள் தேவைப்படும். கேஸில் ஓடும் குளிர்சாதனப் பெட்டி சரிந்து நின்றால் ஒழுங்காகக் குளிராது.

எப்போது பதிவு செய்வது?

மாகாணப் பூங்காக்களில் போய்ச்சேரும் நாளுக்கு ஐந்து மாதம் முன்பு, காலை 7 மணிக்குத் திறக்கும். ஜூலை 10 என்றால் பிப்ரவரி 10. சாண்ட்பாங்க்ஸ், பைனரி, கில்பேர், அல்கொன்குவின் போன்றவற்றில் நல்ல மின்சாரச் சைட்டுகள் அந்தச் சில நிமிடங்களிலேயே முடிந்துவிடும். முன்கூட்டியே கணக்குத் திறந்து, ஐந்தாறு சைட் எண்களை எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

வெள்ளி மாலை தொடங்கும் சைட் கிடைக்காததற்குக் காரணம், புதனோ வியாழனோ தொடங்கியவர் அதை ஏற்கெனவே எடுத்துவிட்டார் என்பதே. விடுமுறை எடுக்க முடிந்தால் ஞாயிறு முதல் வியாழன் வரை போங்கள். கரையும் அமைதியாக இருக்கும். தவறவிட்டவர்கள் தளத்தில் அறிவிப்புக் கோரிக்கை போட்டு வைக்கலாம். யாராவது ரத்துச் செய்தால் மின்னஞ்சல் வரும்.

மூன்று குடும்பமாகப் போகிறோம். ஒரே சைட்டில் இருக்கலாமா?

முடியாது. ஒரு சைட்டுக்கு ஆறு பேர் என்பது பொது விதி. தாய் தகப்பன் பிள்ளைகள் என்று ஒரே குடும்பமாக ஆறைத் தாண்டினால் பூங்காவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு சைட்டில் ஒரு ஆர்விதான் நிறுத்தலாம், கூடச் சிறு கூடாரங்கள் போடலாம். வாகனம் ஒன்றுக்கு மேல் என்றால் தனி அனுமதிச் சீட்டு.

எனவே பக்கத்துப் பக்கத்தில் மூன்று சைட் எடுங்கள். ஆர்வி உள்ளவர் மட்டும் மின்சாரச் சைட், மற்றவர்கள் கூடாரச் சைட் என்று பிரித்தால் பணமும் மிச்சம். ஆனால் சில பூங்காக்களில் மின்சாரப் பகுதியும் கூடாரப் பகுதியும் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும், வரைபடத்தைப் பாருங்கள். நடுச் சைட்டைச் சமையலுக்கென்று ஒதுக்குங்கள். மூன்று இடத்தில் மூன்று கறி வைப்பதைவிட ஒரு இடத்தில் சேர்ந்து வைத்துச் சாப்பிடுவதுதான் பிள்ளைகளின் நினைவில் நிற்கும்.

"நாங்கள் பகலில் வந்து பார்த்துவிட்டுப் போகிறோம்" என்று சொல்லும் உறவினர்களுக்குப் பகல் அனுமதி தேவை. கோடை வார இறுதியில் அது முடிந்துவிடும். முன்பே இணையத்தில் வாங்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பிரியாணிச் சட்டியோடு நுழைவாயிலில் இருந்து திரும்பிப்போக நேரும்.

தண்ணீரில் பிள்ளைகள் பத்திரமாக இருப்பார்களா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். மாகாணப் பூங்காக் கடற்கரைகளில் உயிர்காப்பாளர்கள் கிடையாது. பார்த்துக்கொள்ள வேண்டியவர் நீங்கள்தான்.

பேரேரி என்பது குளம் அல்ல. காற்று எழுந்தால் ஹியூரனிலும் ஈரியிலும் ஆளை உள்ளே இழுக்கும் நீரோட்டம் உண்டாகும். வெள்ளை நுரை தெரியும் நாளில் முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள். அதைவிட ஏமாற்றுவது கரையில் இருந்து ஏரிப்பக்கம் வீசும் காற்று. தண்ணீர் கண்ணாடியாகத் தெரியும், காற்று நிரப்பிய மெத்தையோ வாத்து மிதவையோ பிள்ளையோடு வெளியே போய்க்கொண்டே இருக்கும், திரும்பி நீந்த முடியாது. பெரிய ஏரிகளில் மிதவைகளைக் கொண்டுபோகாதீர்கள் என்று கையெடுத்துக் கேட்கிறேன். அதே காற்று சூடான மேல்தண்ணீரைத் தள்ளிவிட்டால் அடியில் இருக்கும் குளிர்நீர் மேலே வரும். நேற்று இதமாக இருந்த கரை இன்று விறைக்கும்.

உயிர்காப்பு மேலங்கியைப் பல பூங்காக்கள் இரவல் தருகின்றன, நுழைவாயிலில் கேளுங்கள். நீந்தத் தெரியாத பெரியவர்களும் போடுங்கள், அதில் வெட்கமில்லை. பலமாக மழை பெய்த மறுநாள் தண்ணீரில் கிருமி கூடும் என்பதால் அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

"எல்லோரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தோம்" என்ற நிலை வரக்கூடாது. அரை மணிக்கு ஒருவர் என்று பெயர் சொல்லி முறை வையுங்கள். அந்த நேரம் அவர் கையில் போன் இருக்கக் கூடாது.

எந்த மாதம் நல்லது?

அல்கொன்குவின் போன்ற வடபுறக் காடுகளில் மே நடுவில் இருந்து ஜூன் வரை கருங்கொசுக்கள் காதையும் கழுத்தையும் கடித்து எடுக்கும், பிறகு நுளம்பு. ஜூலை கடைசியில் குறையும். தண்ணீர் நன்றாகச் சூடாகி, பூச்சியும் குறைந்திருப்பது ஆகஸ்டின் பின்பாதி. பள்ளி தொடங்கும் முன் அந்த இரண்டு வாரங்களைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

உண்ணிகளை மறக்காதீர்கள். லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி லோங் பொயிண்ட், ரொண்டோ பக்கமும் கிழக்கு ஒன்ராறியோவிலும் நிலைகொண்டிருக்கிறது. புல்லுக்குள் விளையாடிய பிள்ளைகளை இரவில் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடிக்குள் என்று பார்த்துவிடுங்கள். மூன்று இலையாகச் சேர்ந்து நிற்கும் பாய்சன் ஐவி செடி பைனரியில் ஏராளம்.

கறி, மீன் சமைத்தால் கரடி வருமா?

மணமே அதை இழுக்கக்கூடும். மிச்சத்தை வெளியே விட்டால் வருவதற்கான வாய்ப்பு இன்னும் கூடும். கில்பேர், அல்கொன்குவின் கருங்கரடி உலவும் இடங்கள். சாப்பிட்டு முடித்ததும் மேசையைத் துடைத்து, குளிர்ப்பெட்டி, எண்ணெய்ப் போத்தல், கழுவாத சட்டி, குப்பைப் பை எல்லாவற்றையும் வாகனத்துக்குள்ளோ ஆர்விக்குள்ளோ பூட்டுங்கள். தூங்கும் நேரம் மட்டுமல்ல, கரைக்குப் போகும் பகல் நேரத்திலும்.

பொரியலை வெளியே மேசையில் வைத்துப் பொரியுங்கள். வாடகை ஆர்வியின் மெத்தையில் மீன் மணம் ஏறினால் சுத்தம் செய்யும் கட்டணம் உங்கள் தலையில்.

விறகு வீட்டில் இருந்து கொண்டுபோகலாமா?

வேண்டாம். ஆஷ் மரங்களைக் கொல்லும் மரகத வண்டு போன்றவை விறகோடு பயணம் செய்துதான் புதுக் காடுகளுக்குப் பரவுகின்றன. பூங்காவிலேயே வாங்குங்கள். நெருப்புத் தடை அறிவித்திருந்தால் விறகு வேலைக்கு ஆகாது, சமையலுக்கு கேஸ் அடுப்பு இருக்கட்டும்.

பாட்டுப் போடலாமா?

உங்கள் சைட்டைத் தாண்டிக் கேட்கக் கூடாது, பகலிலும். சில பகுதிகள் வானொலியே கூடாத பகுதிகள், பதிவின்போது குறித்திருக்கும். பட்டாசு மாகாணப் பூங்காக்களில் எப்போதும் தடை. விக்ரோரியா தின நீண்ட வார இறுதியில் பல பூங்காக்களில் மதுவும் தடை.

மீன் பிடிக்க உரிமம் தேவையா?

கனடாவில் வசிக்கும் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கும் தேவையில்லை, அடையாள அட்டை போதும். இடையில் உள்ளவர்களுக்குத் தேவை. ஆக, அப்பப்பாவும் பேரனும் தூண்டிலோடு கிளம்பலாம்.

வேலை முடிந்து வெள்ளி இரவு போய்ச்சேர்ந்தால் என்ன?

பதிவு செல்லும், பூங்காவுக்கு முன்பே அழைத்துச் சொல்லிவிடுங்கள். ஆனால் தெருவிளக்கு இல்லாத இடத்தில், மரங்களுக்கு நடுவே, பழக்கமில்லாத ட்ரெயிலரைப் பின்னெடுப்பது மிகவும் கடினம். பக்கத்துச் சைட்டுகளில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். மாகாணப் பூங்காக்களில் உங்கள் சைட் மதியம் 2 மணிக்குத் தயாராகும். சனிக்கிழமை காலை ஆறுதலாகக் கிளம்பி அந்த நேரத்துக்குப் போங்கள். வெள்ளி இரவே போயாக வேண்டும் என்றால் நேரே நுழையும் சைட் எடுங்கள், இரண்டு பலமான டோர்ச் லைட் கொண்டுபோங்கள். ஒருவர் பின்னால் நின்று வழி சொல்ல, இன்னொருவர் மேலே கிளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும். வண்டி நின்று சக்கரத்துக்குக் கட்டை வைக்கும்வரை பிள்ளைகள் வாகனத்துக்குள்ளேயே இருக்கட்டும்.